மருந்துச் சீட்டைக் கண்காணித்தால் போதை மாத்திரை நிற்குமா?

கேள்வி: டாக்டர், திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் பல வருடங்களாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறோம். நான் டி.பார்ம் படித்தவள். மருந்து எடுத்துக் கொடுப்பது நான், பில் போடுவது என் கணவர். கொஞ்ச காலமாக மீசை கூடச் சரியாக முளைக்காத பையன்கள் வந்து, வலி மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் பிசகாமல் சொல்லிக் கேட்கிறார்கள். சீட்டு எங்கே என்றால் போனில் படம் காட்டுகிறார்கள், இல்லாவிட்டால் ஜெராக்ஸை நீட்டுகிறார்கள். ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். போன மாதம் வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். அப்பாவுக்குப் புற்றுநோயாம். நாலு கடை ஏறி இறங்கியும் மாத்திரை கிடைக்கவில்லை என்று அழுதார். எச்-1 ரெஜிஸ்டரை ஒழுங்காகத்தான் எழுதுகிறோம். ஆய்வுக்கு வருபவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதோடு சரி. அமெரிக்காவில் எல்லாச் சீட்டையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சேர்த்துக் கண்காணிக்கிறார்கள் என்று என் தம்பி சொல்கிறான். இங்கேயும் அது வந்தால் தொல்லை தீருமா? இல்லை, எங்களுக்கு இன்னொரு எழுத்து வேலைதான் கூடுமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் கண்காணிப்பு நமக்கும் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் இருப்பதை அப்படியே கொண்டுவந்து இறக்கினால், அது முதலில் பிடிப்பது வேடசந்தூர்ப் பெரியவரைத்தான். உங்கள் கடைக்கு வரும் பையன்களில் பெரும்பாலோர் அதன் கண்ணில் படவே மாட்டார்கள்.

உங்கள் எச்-1 ரெஜிஸ்டரிலிருந்து தொடங்குவோம். 2013 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. தொடக்கத்தில் 46 மருந்துகள். வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் கேட்டவுடன் கடையில் கிடைத்ததால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கவலைதான் பட்டியலுக்கு முதல் காரணம். கூடவே அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும், டிரமடால், கோடீன், பென்டசோசின், பியூப்ரினார்பின் போன்ற வலி மருந்துகளும் சேர்ந்தன. எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ரெஜிஸ்டர் உங்கள் கடையோடு நின்றுவிடுகிறது. ஒரே சீட்டுக்கு நான்கு ஜெராக்ஸ் எடுத்து, நாகல்நகரில் ஒரு அட்டை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, பேகம்பூரில் ஒன்று, சின்னாளபட்டியில் ஒன்று என்று ஒருவர் வாங்கினால், நான்கு கடை ரெஜிஸ்டரும் சுத்தமாகத்தான் இருக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆள் கிடையாது. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக்கடைகளில் கேமரா வைக்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். கேமராவில் முகம் பதியும். அந்த முகம் இன்றைக்கு எத்தனை கடை ஏறியது என்பது பதியாது.

இதே ரெஜிஸ்டரை ஒரு துறை நன்றாகப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது, அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. காசநோயாளிகளைப் பற்றிய தகவலை மருந்துக்கடைகளும் தரவேண்டும் என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு அரசிதழில் அறிவித்தது. காசநோய் மருந்து வாங்கிப் போனவரின் விவரம் கடையிலிருந்து கிடைத்தால், களப்பணியாளர் அவரைத் தேடிப்போய் நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிந்து, மருந்து இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வார். எழுதுவதைப் படிக்க ஒரு துறை இருக்கிறது. படித்தவுடன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை நோயாளிக்கு உதவுவதாக இருக்கிறது. போதை மாத்திரைக் கண்காணிப்பை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோலும் இந்த மூன்றுதான்.

இனி உங்கள் தம்பி சொன்ன அமெரிக்கக் கதை. கலிபோர்னியா மாநிலம் 1939-லேயே தொடங்கிவிட்டது. அப்போது எல்லாம் காகிதம்தான். பிறகு கணினிக்கு மாறி மாநிலம் மாநிலமாகப் பரவியது. கடைசியாக மிசௌரி 2021-ல்தான் சட்டம் போட்டது. தரவுத்தளம் இருந்தால் போதும் என்று பல வருடம் நம்பினார்கள். அது போதவில்லை. எழுதுவதற்கு முன் மருத்துவர் அதைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று கென்டக்கி 2012-லும் நியூயார்க் 2013-லும் கட்டாயமாக்கிய பிறகுதான், டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி மாத்திரை சேர்ப்பவர்கள் குறைந்தார்கள். முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் தரவை வைத்து பிச்முல்லர், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. கட்டாயம் உள்ள மாநிலங்களில் பலன் தெரிந்தது. விருப்பமிருந்தால் பார்க்கலாம் என்று விட்ட இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் அரைக் கதைதான். 2012-ல் அமெரிக்க மருந்துக்கடைகள் கொடுத்த அபின் வகை வலி மருந்துச் சீட்டுகள் சுமார் 25 கோடி. 2020-ல் அது ஏறக்குறைய 14 கோடியாக இறங்கியது. சீட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் போதை மருந்து அளவு மிஞ்சி இறந்தவர்கள் 2012-ல் சுமார் 41 ஆயிரம், 2021-ல் ஒரு லட்சத்து 6 ஆயிரத்துக்கும் மேல். சீட்டு அடைபட்டதும் பழக்கத்துக்கு ஆளானவர்களில் ஒரு பகுதியினர் ஹெராயினுக்குப் போனார்கள். பிறகு கள்ளச்சந்தை முழுக்கவே பென்டனில் என்ற செயற்கை அபின் வகை மருந்து வந்து நிறைந்தது. சாவு கூடியதற்குக் கண்காணிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீட்டைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் வேறு வேறு வேலை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். நாள்பட்ட வலிக்காரர்களும் அங்கே பட்டபாடு கொஞ்சமில்லை. வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிய மருத்துவர்கள் மருந்தைத் திடீரென்று நிறுத்தினார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் டிரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நல்ல முடிவு. அப்போது அதன் நெருங்கிய உறவான டபென்டடால் அந்தப் பட்டியலில் சேரவில்லை. கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டு நகரங்களில் டிரமடால் விட்ட இடத்தை டபென்டடால் பிடித்துக்கொண்டது. ‘வலி நிவாரண மாத்திரை பறிமுதல்’ என்று நாளிதழில் படிக்கிறீர்களே, அவற்றில் பெரும்பாலும் இதுதான். அந்தச் செய்திகளைக் கொஞ்சம் கூர்ந்து படித்துப் பாருங்கள். மாத்திரை எங்கிருந்து வந்தது என்ற வரியில், இணையத்தில் ஆர்டர் போட்டு வெளி மாநிலத்திலிருந்து கூரியரில் வந்தது, ரயிலில் பெட்டியாக வந்தது என்று திரும்பத் திரும்ப இருக்கும். அந்தச் சரக்குக்கு எந்த மருத்துவரும் சீட்டு எழுதவில்லை. எந்த மருந்தாளுநரும் ரெஜிஸ்டரில் பதியவில்லை. எழுதாத சீட்டை எந்தக் கம்ப்யூட்டர் பிடிக்கும்?

இணைய மருந்து விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகள் வந்தன. அதே வருடம் டிசம்பரில், விதிகள் வரும்வரை விற்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வருடங்கள் ஓடியும் வரைவு வரைவாகவே கிடந்தது. உங்களைப் போன்றவர்கள் ஒரு அட்டைக்குக் கணக்கெழுதிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் கதவே இல்லாமல் திறந்து கிடப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். இருபது வயதுப் பையனின் முழங்கை மடிப்பில் ரத்தக்குழாய் கயிறு போலத் தடித்துக் கறுத்திருக்கும். விரல் வைத்து அழுத்தினால் அமுங்கவே அமுங்காது. மாத்திரை என்பது விழுங்குவதற்காகச் செய்தது. மருந்தோடு டால்க், செல்லுலோஸ் போன்ற கரையாத பொருட்களைச் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். அதை ஊசியில் ஏற்றினால் அந்தத் துகள்கள் ரத்தக்குழாயை அடைத்து, நுரையீரல்வரை போய்த் தங்கும். சீழ்க்கட்டி, கை விரல் அழுகல், ஊசியைப் பகிர்வதால் ஹெபடைட்டிஸ் சி எல்லாம் வரிசையாக வரும். கூடவே நைட்ரசிபாமும் போட்டிருந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். “வலி மாத்திரைதானே சார், கஞ்சா மாதிரி இல்லையே” என்று என்னிடம் கேட்ட பையன்கள் பலர். அட்டையில் கம்பெனி பெயர் அச்சாகியிருப்பதால் ஆபத்தில்லை என்று நம்புகிறார்கள்.

கம்பெனி பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. ஒரு புலனாய்வை வெளியிட்டது. மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் டபென்டடாலையும் கேரிசோபுரோடால் என்ற தசைத்தளர்ச்சி மருந்தையும் ஒரே மாத்திரையில் கலந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கலவைக்கு எங்குமே அனுமதி கிடையாது. செய்தி வந்த சில நாட்களில் மத்திய அரசு அதன் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் நிறுத்தியது. கசிவு சில்லறைக் கவுண்டரில் மட்டும் இல்லை, தொழிற்சாலை வாசலிலேயே தொடங்கலாம் என்று காட்டிய விவகாரம் அது.

நம் மில் பகுதிக்கும் ஒரு பாடம் உண்டு. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரையைக் கையில் கொடுப்பார். அட்டை இல்லை, பெயர் இல்லை, மருத்துவர் இல்லை. விழுங்கிவிட்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டும். அவை போதை மாத்திரைகள் இல்லை. ஆனாலும் மருந்து என்பது சீட்டு இல்லாமல் கை மாறும் சாமான் என்ற பழக்கம் எப்படி ஊறுகிறது என்பதை வேடசந்தூர் மில் பேருந்துகளைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் மாவட்டத்தில் ஒரு கண்காணிப்புத் திட்டம் வந்தால் எப்படி இருக்கவேண்டும்? கீழே இருந்து தொடங்காமல் மேலே இருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. டபென்டடால், நைட்ரசிபாம், அல்பிரசோலம், டிரமடால், நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் என்று ஐந்தாறு மருந்துகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மொத்த வியாபாரியும் எந்தக் கடைக்கு, எந்தக் கிளினிக்குக்கு, எந்த பேட்சில் எத்தனை அட்டை கொடுத்தார் என்பதை மாதாமாதம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தரட்டும். அந்தப் பில்கள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன, புதிதாக எழுத வேண்டியதில்லை. வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒரு சின்னக் கடை மட்டும் அக்கம்பக்கத்துக் கடைகளைப்போல் பத்து மடங்கு வாங்கினால் அது முதல் மாதமே தெரிந்துவிடும். இதற்கு ஒரு நோயாளியின் பெயர்கூடத் தேவைப்படாது. தானே மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்குக் கடை உரிமம் வேண்டியதில்லை என்று விதியில் விலக்கு இருக்கிறது. அவர்கள் வாங்கும் அளவும் இந்தக் கணக்கில் வந்துவிடும். முன்னணி 300 பிராண்டுகளின் அட்டையில் 2023 ஆகஸ்ட் முதல் கியூ.ஆர். குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. அதையே இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் விரிக்கலாம். விரித்தால், போலீஸ் பிடிக்கும் ஒரு அட்டையிலிருந்து பேட்ச் எண்ணைப் பிடித்துக்கொண்டு தயாரித்தவரிடம் வரை போய்ச் சேரலாம்.

நோயாளி பெயரோடு சீட்டுகளை இணைப்பது அதற்குப் பிறகு வரவேண்டிய படி. அதிலும் பார்க்கும் உரிமை எழுதும் மருத்துவருக்கும் கொடுக்கும் மருந்தாளுநருக்கும் மட்டுமே இருக்கவேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸுக்குக் கூடாது. மனநல மருந்து சாப்பிடுகிறார் என்ற விஷயம் ஊருக்குள் தெரிந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் சமூகம் நம்முடையது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. மருந்துக் கணக்கையும் அந்தக் கண்ணோடுதான் கையாளவேண்டும்.

நாட்டில் நான் சொல்லும் திட்டத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது பஞ்சாப். அங்கே 2017 அக்டோபரில் தொடங்கிய வெளிநோயாளி சிகிச்சை மையங்களில், அபின் வகைப் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்குப் பியூப்ரினார்பின் கலந்த மாத்திரையை மையப் பதிவேட்டில் பதிந்து கொடுக்கிறார்கள். கண்காணிப்பும் சிகிச்சையும் ஒரே கூரைக்குக் கீழ் என்ற அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

திட்டம் வந்து ஒரு வருடம் ஆனதும், எத்தனை பேர் கைது, எத்தனை ஆயிரம் மாத்திரை பறிமுதல் என்று அறிக்கை வரும். அதை வைத்து மதிப்பிடாதீர்கள். போலீஸ் ஒரு மாதம் மும்முரமாக இருந்தால் அந்த எண் ஏறும், தேர்தல் வேலைக்குப் போனால் இறங்கும். நான் கேட்கும் கணக்கு வேறு. மாவட்டத்துக்குள் வந்த மொத்த மாத்திரைக்கும் சீட்டில் கொடுத்த மாத்திரைக்கும் உள்ள இடைவெளி குறைந்ததா? ஊசிப் புண்ணோடும் மூச்சு அடங்கியும் அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் குறைந்தார்களா? ஒரு மருந்தை இறுக்கியபோது வேறொன்று தலைதூக்கியதா? பஞ்சாபில் பிரிகாபலின் அப்படித்தான் கிளம்பி, சில மாவட்டங்களில் 75 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே தடை போட வேண்டியதாயிற்று. அடையாளம் கண்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்து தொடர்கிறார்கள்? புற்றுநோயாளிக்கு மருந்து கிடைக்க எத்தனை நாள் ஆகிறது? இந்தக் கடைசிக் கேள்வியில் தோற்றால் மற்ற எதில் ஜெயித்தும் பயனில்லை என்பேன்.

ஏனென்றால் நாம் ஒருமுறை அப்படித் தோற்றிருக்கிறோம். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமக் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினை வாங்குவதையே விட்டன. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு அடிமட்டத்துக்குச் சரிந்தது. லட்சக்கணக்கான புற்றுநோயாளிகள் கத்திக் கதறியே செத்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் போராடி, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டனில், மெதடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் ஆயின. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் பல உரிமங்களுக்கு அலையாமல் அவற்றை வைத்திருக்கலாம். ஆகவே அந்த வேடசந்தூர் மகள் மறுபடி வந்தால், கடை கடையாக அலையவிடாமல், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோய்த்தணிப்புச் சிகிச்சை பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. 104-ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

திட்டம் வரும்வரை உங்கள் கவுண்டரில் செய்ய முடிந்தவை சில உண்டு. மருந்துகள் விதி 65 சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. கொடுக்கும்போது மருத்துவர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயர், முகவரி, தேதி பதியவேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். ஊரில் எல்லாக் கடையும் இந்த ஸ்டாம்பை அடித்து, ஜெராக்ஸையும் போன் படத்தையும் ஏற்பதில்லை என்று ஒரே குரலில் நின்றால், கடை கடையாக வாங்குவதில் பெரும்பகுதி அன்றே நின்றுவிடும். சீட்டில் நாள் கணக்கைப் பாருங்கள். 5-க்கு முன்னால் வேறு மையில் 1 முளைத்திருக்கும். சந்தேகம் வந்தால் மருத்துவருக்கு போன் போடுங்கள். தர மறுத்ததற்காகக் கடைக்காரர்கள் தாக்கப்பட்ட செய்திகளும் வந்திருக்கின்றன. அதனால் வாக்குவாதம் வேண்டாம். அந்த நேரத்தில் “ஸ்டாக் இல்லை” என்பதே பாதுகாப்பு. பிறகு மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல மாதம் தூக்க மாத்திரை சாப்பிட்டுப் பழகிய வயதானவருக்கு, சீட்டுக் காலாவதி ஆகிவிட்டது என்று ஒரேயடியாகக் கைவிரித்துவிடாதீர்கள். திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அவர் வேலை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரெஜிஸ்டரிலிருந்தும் பில்களிலிருந்தும் நான் சொன்ன ஐந்தாறு மருந்துகளின் மாத மொத்தத்தை, பெயர்கள் இல்லாமல், ஒரு தாளில் எடுங்கள். மருந்து வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை வையுங்கள். பத்துக் கடை சேர்ந்தால் போதும், மொத்த விற்பனைக் கணக்கைக் கேட்டு ஆட்சியருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மனு கொடுத்துவிடலாம். கவுண்டரில் ஒரு சின்ன அட்டையையும் ஒட்டுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணம் இல்லாதவை. தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவரை, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து காப்பாற்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. பையன்களுக்கு அது தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்.